மகள் முதல் டிரம்மையே தட்டிவிடுகிறாள் – பேரல் ரேஸிங் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கேட்டி அப்பா | சனி, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கத்துல கேட்டியில இருக்கோம், பதினோரு வருஷமாச்சு. இதை இங்கே கேட்கலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். இந்தப் பக்கம் வந்தா விசா, வீட்டுக்கடன், குளிர்ல இட்லி மாவு புளிக்கலைன்னுதான் பேச்சு ஓடும். பரவாயில்லை, கேட்டுடறேன்.

பொண்ணுக்கு 12 வயசு. மூணு வருஷம் முன்னாடி மார்ச்ல ஹூஸ்டன் ரோடியோவுக்கு, அதான் மாடு, குதிரையை வெச்சு நடக்கிற கௌபாய் விளையாட்டுத் திருவிழா, கூட்டிட்டுப் போனோம். நான் போனது ராட்டினத்துக்கும் சுட்ட சோளத்துக்கும். அவ என்ஆர்ஜி ஸ்டேடியத்துல பேரல் ரேஸிங் பார்த்தா. அன்னைக்குப் பிடிச்ச பித்து இன்னும் இறங்கலை. சனிக்கிழமை காலைல பரதநாட்டியம், சாயங்காலம் குதிரைன்னு ஓடிட்டிருக்கு.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு: மண் தரையில மூணு டிரம் முக்கோணமா நிக்கும். நம்ம ஊர்ல தண்ணி பிடிச்சு வைப்போமே, அந்த 200 லிட்டர் டிரம் சைஸ். குதிரை பாய்ஞ்சு உள்ளே வந்து முதல் டிரம்மை வலது பக்கமா சுத்தணும். குறுக்கே போய் ரெண்டாவதை இடது பக்கமா, அப்புறம் தள்ளி நிக்கிற மூணாவதையும் இடது பக்கமா. சுத்தி முடிச்சா வந்த வழியே ஒரே ஓட்டம். மேலேயிருந்து பார்த்தா வில்வ இலை மாதிரி இருக்கும் பாதை. யார் சீக்கிரம் முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. டிரம் விழுந்தா 5 வினாடி சேர்த்துடுவாங்க.

இதுவரைக்கும் ஆறு போட்டி. நாலுல முதல் டிரம் விழுந்துடுச்சு. ரெண்டாவது, மூணாவது ஒருதடவைகூட விழலை. போன வாரம் 19.2 ஓடினா, 5 சேர்த்து 24.2. ட்ரெய்லர்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதா. இப்ப ஓட்டறது மாச வாடகைக்கு எடுத்த 17 வயசுக் குதிரை, பேரு பிஸ்கட். அங்கே ஒருத்தர், "இந்தக் குதிரையை வெச்சு ஒண்ணும் ஆகாது, என்கிட்ட 15 ஆயிரத்துக்கு ஒண்ணு இருக்கு"ங்கறார்.

குதிரையை மாத்தணுமா, பொண்ணு மாறணுமா?

சும்மா வந்தேன் | ஞாயிறு, காலை 7.05

மூணு டிரம்மைச் சுத்திவர 15 ஆயிரம் டாலரா? எங்க ஊர்ல கோயிலை மூணு சுத்து சுத்தினா புண்ணியமாவது கிடைக்கும் :)

லாவண்யா டி | ஞாயிறு, காலை 8.30

கேட்டி சார், நல்ல இடத்துலதான் கேட்டிருக்கீங்க. நான் டல்லாஸ் பக்கம், ஐ.டி. வேலை. 35 வயசுல குதிரை ஏறினவ, இப்ப 41. ஜெயிக்கிற ஆள் இல்லை, ஆனா மாசம் ரெண்டு போட்டி ஓடிடுவேன்.

முதல்ல அந்த 19.2. இந்த ஆட்டத்துல வெறும் நேரத்தை மட்டும் சொன்னா ஒண்ணும் புரியாது, எந்த அரங்கம்னு சொல்லணும். பெண்கள் ரோடியோ சங்கத்தோட முறைப்படி முதல் டிரம்முக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 90 அடி. அந்த ரெண்டுல இருந்தும் மூணாவதுக்கு 105 அடி. கணக்கு ஆரம்பிக்கிற கோட்டுல இருந்து முதல் ரெண்டு டிரம்முக்கும் 60 அடி. இந்த அளவுல 17 வினாடிங்கிறது பெரிய ஆளுங்க ஓடற நேரம். இடம் சின்னதா இருந்தா டிரம்மை நெருக்கி வெப்பாங்க. லாஸ் வேகாஸ் தாமஸ் அண்ட் மேக் அரங்கத்துல டிசம்பர்ல நடக்கிற தேசிய இறுதி ரோடியோவுல 13 சொச்சம்தான் ஓடுவாங்க. 2017ல ஹெய்லி கின்ஸல் அங்கே 13.11 ஓடினாங்க. அதை யூட்யூப்ல பார்த்துட்டு "என் பொண்ணு 19ஆ"ன்னு மனசு விடாதீங்க. முழு அளவு அரங்கத்துல, மூணு வருஷத்துல, 12 வயசுல, வயசான குதிரையில 19.2ன்னா எனக்குப் பொறாமையா இருக்கு.

இப்ப முதல் டிரம். மூணுலயும் அதுதான் கஷ்டம். காரணம் சொல்றேன். இதுல நின்ன இடத்துல இருந்து கிளம்பறதில்லை. வாசல் சந்துல இருந்தே ஓடி வந்து, கோட்டைத் தாண்டறப்பவே முழு வேகம். கோட்டுல இருக்கிற மின்கண்ணோட ஒளிக்கதிரைக் குதிரை மூக்கு வெட்டினதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நாலஞ்சு பாய்ச்சல்ல டிரம் வந்து நிக்கும். அதுக்குள்ள 500 கிலோ உடம்பு வேகத்தைக் குறைச்சு, பின்னங்காலை வயித்துக்கு அடியில இழுத்துப் போட்டுத் திரும்பணும். அடுத்த ரெண்டு டிரம்முக்கு வர்றப்ப இவ்வளவு வேகம் இருக்காது.

தட்டறதுக்கு வழக்கமான காரணம், சீக்கிரமே திரும்பறது. டிரம்முக்குப் பக்கத்துல மூணு நாலு அடி இடம் விட்டுத்தான் உள்ளே வரணும். இதை இங்கே பாக்கெட்ம்பாங்க. அந்த இடத்தைக் கொடுக்காம நேரா டிரம்மைப் பார்த்துப் போனா குதிரை தோளைச் சாய்க்கும், உங்க பொண்ணு முழங்காலோ குதிரை இடுப்போ டிரம்முல பட்டே தீரும். கண்ணு எங்கே போகுதோ குதிரை அங்கே போகும். டிரம்மைப் பார்த்தா டிரம்முக்குத்தான் போகும்.

வீடியோ இருந்தா போடுங்க. அந்த 15 ஆயிரம் ஆளுக்கு இப்போதைக்குப் பதில் சொல்லாதீங்க.

நாமக்கல் மாட்டு டாக்டர் | ஞாயிறு, காலை 10.15

லாவண்யா சொன்னது சரி. ஆனால் ஓட்டுகிறவரைப் பார்ப்பதற்கு முன் குதிரையைப் பார்த்துவிட வேண்டும். நான் நாமக்கல்லில் படித்துவிட்டு இப்போது ஓக்லஹோமாவில் இருக்கிறேன். பெயரில்தான் மாடு. வருகிறவை முக்கால்வாசி குதிரைகள், அதிலும் பாதி பேரல் குதிரைகள்.

அவர் எழுதியதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் டிரம் வலது திருப்பம். மற்ற இரண்டும் இடது திருப்பம். அப்படியானால் விழுவது "முதல்" டிரம் என்பதாலா, "வலது" டிரம் என்பதாலா? இதுவரை நடந்த ஆறு ஓட்டத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. 17 வயதுக் குதிரைக்கு வலது பின்னங்காலின் ஹாக் மூட்டில் தேய்மானம் இருந்தால் வலது பக்கம் சுருங்கித் திரும்ப வலிக்கும். வலிக்கிற குதிரை உட்கார்ந்து திரும்பாது, தோளைப் போட்டுச் சாயும். டிரம் விழும். பிள்ளை திட்டு வாங்கும்.

விதிப்படி இடது டிரம்மில் தொடங்கினாலும் தப்பில்லை. அப்போது ஒரு இடது, இரண்டு வலது. பயிற்சியில் பத்து நாள் அப்படி ஓட்டிப் பாருங்கள். வலது திருப்பம்தான் கோளாறு என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் விழத் தொடங்கும். அப்படி விழுந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். விழாவிட்டால் பிஸ்கட் மேல் பழி இல்லை.

இன்னொன்று. சந்துக்குள் நுழைய மறுக்கிறதா? பின்னால் போகிறதா, முன்னங்காலைத் தூக்குகிறதா? அடம் என்று நினைத்து அடிப்பார்கள். என்னிடம் வந்தவற்றில் பலவற்றுக்கு வயிற்றில் புண் இருந்தது. சிலவற்றுக்கு ஓடி முடித்ததும் நுரையீரலில் ரத்தம் கசியும். மூக்கில் வந்தால்தான் நமக்குத் தெரியும். அதனால் வாய் இல்லாத ஜீவன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது உடம்பு முழுவதும் வைத்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

கேட்டி அப்பா | ஞாயிறு, மதியம் 1.20

டாக்டர் சார், இது எனக்குத் தோணவே இல்லை. பிஸ்கட் சந்துல ஒழுங்காத்தான் போகும், சொல்லப்போனா இவளைவிட அதுக்குத்தான் அவசரம். இடது பக்கம் ஓட்டிப் பார்க்கச் சொல்றேன். பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

சும்மா வந்தேன் | ஞாயிறு, மதியம் 2.00

கேலி பண்ணினதுக்கு மன்னிக்கணும், இப்ப நிஜமாவே கேட்கிறேன். யூட்யூப்ல நாலு வீடியோ பார்த்தேன், எல்லாமே பொண்ணுங்க. ஆம்பளைங்க ஓட்டக் கூடாதா?

ஏட்டுச்சுரைக்காய் | ஞாயிறு, மாலை 6.45

//ஆம்பளைங்க ஓட்டக் கூடாதா?//

தொழில்முறை ரோடியோவில் இது பெண்களின் போட்டி. எப்படி அப்படி ஆனது என்பது கசப்பான கதை. குதிரை ஏறத் தெரியாத எனக்கு இதுதான் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னால் ரோடியோவில் பெண்கள் எல்லாமே செய்தார்கள். முரட்டுக் குதிரை ஏறினார்கள், சாகச சவாரி செய்தார்கள். 1929ல் ஒரிகன் மாநிலம் பென்டில்டனில் பானி மெக்காரல் என்பவர் முரட்டுக் குதிரையிலிருந்து விழுந்து, காயம்பட்டுச் சில நாளில் இறந்துபோனார். பென்டில்டனில் அதோடு பெண்களுக்கு அந்தப் போட்டி நின்றது. மற்ற ஊர்களிலும் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டது. அதே ஆட்டத்தில் ஆண்களும் செத்திருக்கிறார்கள்; அவர்களை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

1930களில் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்டில் பெண்களை வேறு மாதிரி உள்ளே கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊர் வணிகர்கள் ஆளுக்கு ஒரு பெண்ணை அனுப்பவேண்டும். அந்தப் பெண் நல்ல உடையில், நல்ல குதிரையில் வந்து டிரம்களைச் சுற்றிக் காட்டவேண்டும். உடைக்கு மதிப்பெண், குதிரைக்கு மதிப்பெண், சவாரிக்கு மதிப்பெண். அழகிப் போட்டிக்குக் குதிரை கட்டியது மாதிரி. பிறகுதான் உடை மதிப்பெண் போய் கடிகாரம் வந்தது.

எனக்கு இந்த ஆட்டம் பிடிப்பதே அந்த ஒரு மாற்றத்துக்காகத்தான். நடுவரின் கண்ணுக்கு யார் அழகு, யார் யாருடைய மகள் என்பதெல்லாம் தெரியும். கடிகாரத்துக்குத் தெரியாது.

1948ல் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடிச் சொந்தமாக ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கம் என்று இருப்பது அதுதான், 1981ல் பெயர் மாறியது. தேசிய இறுதி ரோடியோவுக்குள் பேரல் ரேஸிங் வந்தது 1967ல். அங்கே ஆண்களுக்குச் சமமான பரிசுப்பணம் 1998ல்தான். சார்மேன் ஜேம்ஸ் 1984 முதல் 1993 வரை பத்து வருஷம் தொடர்ந்து உலகப் பட்டம் ஜெயித்தது எல்லாமே அங்கே சமப் பரிசு வருவதற்கு முன்னால். அப்படியும் 1987ல் ஆண்கள் எல்லாரையும்விட அதிகப் பணம் சம்பாதித்து, முதுகில் முதலாம் எண்ணைக் கட்டிக்கொண்டு இறுதிப் போட்டிக்குள் வந்தார். அப்படி வந்த முதல் பெண் அவர்.

உள்ளூர்ப் போட்டிகளில் ஆண்களும் ஓட்டுகிறார்கள் என்று கேள்வி. லாவண்யா சொல்லட்டும்.

லாவண்யா டி | ஞாயிறு, இரவு 8.10

ஓட்டறாங்க, ஓட்டறாங்க. போன மாசம் எழுபது வயசுத் தாத்தா ஒருத்தர் என்னைத் தோற்கடிச்சார்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு கேட்டி சார். //டிரம் விழுந்தா 5 வினாடி// – இது எல்லா இடத்துலயும் இல்லை. சில அமைப்புல டிரம் விழுந்தா நேரமே கிடையாது, அன்னைக்கு ஓட்டம் சைபர். பணம் கட்டறதுக்கு முன்னாடி விதியைப் படிச்சுக்குங்க. இன்னொண்ணு, டிரம் ஆடினா கையை நீட்டிப் பிடிச்சு நிறுத்தலாம், எங்க விதியில தப்பில்லை. சொல்றது சுலபம். நான் ஒருதடவை பிடிக்கப்போய் மோதிர விரல் வீங்கி மூணு வாரம் கீபோர்டே தட்ட முடியலை.

கொங்குக்காளை | திங்கள், காலை 6.20

உடுமலைப் பக்கமுங்க நான். நம்ம ரேக்ளாவுலயும் இதே கதைதானுங்க. காங்கேயம் காளை பூட்டி 200 மீட்டர், 300 மீட்டர்னு தனித்தனியா ஓட்டி நேரத்தைக் குறிப்பாங்க. பக்கத்துல வண்டி ஓடாது, கடிகாரத்தோடதான் போட்டி. காளையை நேரா ஓட வெக்கறதே பெரும்பாடு. இவங்க ஓடற வேகத்துல மூணு தடவை திருப்பறாங்களா! கும்புடலாமுங்க.

எல்லைக் கோட்டைத் தாண்டறதுல ஒரு நொடி பிந்தினாலும் போச்சுன்னு எங்க ஐயன் சொல்லுவாரு. இவங்களுக்கு எத்தனை நொடி வித்தியாசத்துல பரிசு போகுமுங்க?

லாவண்யா டி | திங்கள், காலை 9.00

அண்ணா, நொடியில இல்லை, நொடியை நூறா உடைச்சு அதுல ஒரு பங்கு. மணிக்கு 50 கிலோமீட்டர்ல வர்ற குதிரை அந்த ஒரு பங்குல 14 சென்டிமீட்டர் போகும். ஒரு சாண்கூட இல்லை. திருப்பத்துல ஒரு சாண் வெளியே அகண்டு போனா அன்னைக்குப் பரிசு அவ்வளவுதான்.

என்னை மாதிரி ஆளுங்க பிழைக்கறதுக்காக உள்ளூர்ல பிரிவு வெச்சிருக்காங்க. அன்னைக்கு வந்த வேகமான நேரம் முதல் பிரிவு. அதைவிட அரை வினாடி பிந்தினதுல இருந்து ரெண்டாம் பிரிவு, ஒரு வினாடி பிந்தினதுல இருந்து மூணாம் பிரிவுன்னு இறங்கிட்டே போகும். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பரிசு. அதனால மெதுவா ஓடியும் ஜெயிக்கலாம். ஆனா முன்னாடி எந்த நேரம் வரும்னு யாருக்கும் தெரியாது, அதனால ஏமாத்தவும் முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி நாலாம் பிரிவுல முதல் பரிசு 86 டாலர் வாங்கினேன். செக்கை மாத்தவே இல்லை, பூஜை ரூம்ல இருக்கு.

பனியூர் பரன் | திங்கள், இரவு 10.40

வணக்கம். நான் கனடாவில கல்கரியில இருக்கிறன், கனகாலம். இஞ்ச ஜூலை மாசம் பத்து நாள் ஸ்டாம்பீட் எண்ட ரோடியோத் திருவிழா நடக்கும், 1912ல துவங்கினது. பேரல் ஓட்டமும் இருக்கு. ஆனா இரவில நடக்கிற வண்டி ஓட்டத்தைத்தான் சனம் விழுந்தடிச்சுப் பாக்கும். நாலு குதிரை பூட்டின வண்டி, முதல்ல டிரம்முகளை எட்டு வடிவத்தில சுத்திப்போட்டு ஓட்டப்பாதைக்கு வரவேணும். அதிலயும் டிரம் விழுந்தா 5 செக்கன்.

ஒண்டு மட்டும் சொல்லவேணும். அதில குதிரையள் செத்திருக்குது. முந்தி ஒரு ஓட்டத்துக்கு நாலு வண்டி விட்டவை, இப்ப மூண்டு. ஒருக்கா நான் பாத்துக்கொண்டிருக்கேக்க ஒரு குதிரை விழுந்தது. திரை பிடிச்சு மறைச்சவை. பக்கத்தில இருந்த என்ர மகன் "அப்பா, ஏன் மறைக்கினம்?" எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு நான் வண்டி ஓட்டம் பாக்கப் போறதில்லை. பேரல் மட்டும் பாப்பன்.

நீதி கேட்கிறேன் | செவ்வாய், காலை 5.50

யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், பரன் மட்டும் சொன்னார். ரோடியோ என்பதே மிருகவதை. ஓடுகிற கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிறு வீசி இழுத்துக் கீழே தள்ளிக் கட்டுகிறார்கள், அதற்கும் கடிகாரம். இங்கிலாந்தில் 1934லேயே சட்டம் போட்டு இதையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். இதில் ஒரு குழந்தையைச் சேர்த்துவிட்டு விவாதம் வேறு.

சும்மா வந்தேன் | செவ்வாய், காலை 6.30

2017ல மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காக நின்னவங்களும் இங்கே இருக்காங்க சார், பார்த்துப் பேசுங்க.

நீதி கேட்கிறேன் | செவ்வாய், காலை 6.41

நானும் நின்றேன். அதனால்தான் கேட்கிறேன். நம்முடையது என்றால் பண்பாடு, அடுத்தவனுடையது என்றால் வதையா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் வரவில்லை.

நாமக்கல் மாட்டு டாக்டர் | செவ்வாய், காலை 9.30

நேர்மையான கேள்வி. கன்று கட்டும் போட்டியைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. அதில் கன்றுக்கு எந்தப் பங்கும் இல்லை, மாட்டிக்கொள்வது மட்டுமே. பிரேக்அவே என்று ஒன்று இருக்கிறது. கயிறு கன்றின் கழுத்தில் விழுந்து இறுகியதும் சேணத்தில் கட்டிய மெல்லிய நூல் அறுந்துவிடும், கடிகாரம் நின்றுவிடும், கன்று தன் பாட்டுக்குப் போய்விடும். இரண்டு மூன்று வினாடியில் முடிந்துவிடுகிற போட்டி. எனக்கு அதுவே போதும் என்று தோன்றும்.

பேரல் ரேஸிங்கில் நான் பார்க்கிற வதை வேறு. அரங்கத்தில் நடப்பதில்லை. வலி மருந்து ஊசி போட்டு ஓட்டுவது, 14 மணி நேரம் ட்ரெய்லரில் நிற்கவைத்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோவது, மூன்று வயதில் எலும்பு முற்றும் முன்பே வேகத்துக்கு ஏற்றுவது. பார்வையாளர் கண்ணுக்கு இது எதுவும் தெரியாது.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 10.00

ஜல்லிக்கட்டுக்குத் தனி இழை இருக்கிறது, 214 பக்கம் ஓடிவிட்டது. அங்கே போகவும். இங்கே பிஸ்கட்டைப் பற்றிப் பேசலாம்.

கேட்டி அம்மா | செவ்வாய், இரவு 9.15

வணக்கம். இவர் இங்கே எழுதறது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். 15 ஆயிரம் டாலர் குதிரை விஷயமும் இன்னைக்குத்தான் தெரியும்.

எனக்கு ஒரே கேள்வி. டிவியில வர்ற பொண்ணுங்க எல்லாம் தொப்பி போட்டுட்டு ஓட்டறாங்க. எம்பொண்ணு ஹெல்மெட் போட மாட்டேங்கிறா, "யாரும் போடறதில்லைம்மா"ங்கிறா. என்ன சொல்றது?

லாவண்யா டி | செவ்வாய், இரவு 9.40

ஃபாலன் டெய்லர்னு ஒருத்தர் பேரைச் சொல்லுங்க அக்கா. 13 வயசுலயே தேசிய இறுதிக்குப் போனவங்க. 2009ல குதிரை கவிழ்ந்து கழுத்துல ரெண்டாவது எலும்பு முறிஞ்சது. பிழைச்சதே பெரிசு. திரும்பி வந்து ஹெல்மெட் போட்டுட்டு 2014ல உலகப் பட்டம் ஜெயிச்சாங்க. ஹெல்மெட்ல கொம்பு வேற ஒட்டியிருப்பாங்க. அந்தக் கொம்பு வீடியோவைக் காட்டுங்க, உங்க பொண்ணே வாங்கித் தரச் சொல்வா.

முழங்காலுக்குக் கீழே பட்டை கட்டவும் சொல்லுங்க. டிரம் விளிம்பு பட்ட இடம் முதல் நாள் சிவப்பு, மூணாம் நாள் கத்தரிக்காய் கலர், பத்தாம் நாள் மஞ்சள். எனக்கு எல்லாக் கலரும் ஒரே நேரத்துல இருந்திருக்கு.

ஏமாந்த சோணகிரி | புதன், காலை 7.30

15 ஆயிரம் பற்றிச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறது, ஏமாந்திருக்கிறேன். ஐந்து வருஷம் முன்னால் என் மகனுக்காக ஒரு குதிரை வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். ஓட்டிப் பார்த்த நாளில் ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. குழந்தை ஏறினாலும் அசையவில்லை. வீட்டுக்கு வந்து நான்காம் நாள் காலையில் சேணம் வைத்தேன், என்னைக் கொட்டகைச் சுவரில் வைத்துத் தேய்த்தது. மயக்க மருந்து கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. வாங்குவதற்கு முன் ரத்தம் எடுத்துச் சோதித்திருந்தால் சில நூறு டாலரில் முடிந்திருக்கும்.

சொல்லாமல் போய் நில்லுங்கள். காலையில் கொட்டகையிலிருந்து அவிழ்க்கும்போதே பாருங்கள்.

சும்மா வந்தேன் | புதன், காலை 8.00

அப்ப கடைசியா யாருக்குத்தான் பரிசு? குதிரைக்கா, ஏறி உட்கார்ந்தவங்களுக்கா? நல்ல குதிரை கிடைச்சா நானும் ஜெயிப்பேன்போல.

ஏட்டுச்சுரைக்காய் | புதன், மதியம் 12.30

இதற்கும் சார்மேன் ஜேம்ஸிடம்தான் போகவேண்டும். நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊர்க்காரர். அவருடைய ஸ்கேம்பர் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பண்ணையில் வேலை பார்த்த குதிரை, 1,100 டாலருக்கு வாங்கியது. ஏறியவர்களை உதறித் தள்ளுகிறது என்று கெட்ட பெயர் வேறு. 1985 தேசிய இறுதியில் ஒரு சுற்றில் ஸ்கேம்பரின் கடிவாளம் கழன்றுவிட்டது. லகானால் பயன் இல்லை, 15 வயதுப் பெண், முழு வேகம். ஸ்கேம்பர் மூன்று டிரம்மையும் தானே சுற்றி, அந்தச் சுற்றை ஜெயித்தும் கொடுத்தது.

இதைக் கேட்டால் குதிரைதான் எல்லாம் என்று தோன்றும். ஆனால் அதே ஸ்கேம்பரை அதற்கு முன் வைத்திருந்தவர்களுக்கு அது உதறுகிற குதிரை, அவ்வளவுதான். இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஸ்கேம்பர் ஓய்வுபெற்றபின் சார்மேன் 2002ல் குரூஸர் என்ற வேறு குதிரையில் பதினொன்றாவது பட்டம் ஜெயித்தார். ஸ்கேம்பர் காயடித்த குதிரை, வாரிசு கிடையாது. அதனால் 2006ல் அதன் உயிரணுவிலிருந்து படியெடுத்து ஒரு ஆண் குதிரையைப் பிறக்கவைத்தார்கள். பந்தயத்துக்கு இல்லை, இனப்பெருக்கத்துக்கு. அதாவது அவர்களே குதிரையின் பக்கம் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள் பாருங்கள்.

நீங்கள் ஜெயிப்பீர்களா என்று கேட்டால், முதல் திருப்பத்தில் குதிரை வலது பக்கம் போகும், நீங்கள் நேராகப் போவீர்கள்.

கேட்டி அப்பா | வியாழன் (பதினொரு நாள் கழித்து), இரவு 10.05

டாக்டர் சொன்ன மாதிரியே இடது பக்கம் தொடங்கி ஓட்டிப் பார்த்தாச்சு. மொத்தம் எட்டு ஓட்டம், எல்லாம் பயிற்சி, போட்டிக்கு முன்னாடி 5 டாலர் கட்டி ஓடிப் பார்ப்பாங்களே, அது. ரெண்டாவதும் மூணாவதும் இப்ப வலது திருப்பம். ரெண்டும் ஒருதடவைகூட விழலை. முதல் டிரம், இப்ப இடது பக்கம் இருக்கிறது, அஞ்சு தடவை விழுந்தது. ஆக பிஸ்கட் மேல தப்பில்லை. 15 ஆயிரம் ஆளுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு, வீட்டம்மா ஏற்கெனவே சொல்லிட்டாங்க.

வீடியோ கேட்டீங்களே லாவண்யா, மூணு போட்டிருக்கேன். பார்த்துச் சொல்லுங்க.

லாவண்யா டி | வெள்ளி, காலை 7.15

மூணையும் நாலஞ்சு தடவை பார்த்தேன், மெதுவா ஓடவிட்டும் பார்த்தேன். உட்கார்ற இடம் நல்லா இருக்கு. கை சரியா இருக்கு, திரும்பறப்ப வெளிக்கை சேணத்தோட கொம்புல போய் நிக்குது. ரெண்டாவது, மூணாவது டிரம்ல அவ கண்ணு திரும்பி வெளியேற வேண்டிய இடத்தைப் பார்க்குது. அப்படித்தான் பார்க்கணும்.

முதல் டிரம்ல மட்டும் முகம் வேற எங்கேயோ இருக்கு. கேமராவைப் பார்க்கிறா. மூணு வீடியோவுலயும் டிரம்முக்கு ரெண்டு பாய்ச்சல் முன்னாடி முகம் எனக்கு நேரா தெரியுது.

சார், நீங்க எங்கே நின்னு எடுக்கறீங்க?

கேட்டி அப்பா | வெள்ளி, காலை 7.50

முதல் டிரம்முக்கு நேர் பின்னாடி வேலி ஓரமா. அங்கேதான் நல்லாத் தெரியும். இடது பக்கம் மாத்தினப்ப நானும் அந்தப் பக்கம் போயிட்டேன்.

அடக் கடவுளே.

கொங்குக்காளை | வெள்ளி, காலை 8.10

:) :) ஐயா, காளை ஓடறப்ப சொந்தக்காரன் எல்லைக் கோட்டுப் பக்கம் வரக் கூடாதுன்னு எங்கூர்ல சொல்றது இதுக்குத்தானுங்க.

கேட்டி அம்மா | வெள்ளி, காலை 8.30

"முழங்கால், முழங்கால்"னு கத்தவும் செய்வார். அதையும் எழுதச் சொல்லுங்க.

கேட்டி அப்பா | ஞாயிறு, இரவு 9.30

நேத்து போட்டி. வலது பக்கமே ஓடட்டும்னு விட்டாச்சு. நான் அரங்கத்துக்குள்ள போகலை. வண்டி நிறுத்தற இடத்துல பிஸ்கட்டுக்கு வெச்ச வைக்கோல் மூட்டை மேல உட்கார்ந்துட்டேன். அவளுக்கு முன்னாடி டிராக்டர் மண்ணைக் கிளறிட்டுப் போற சத்தம் கேட்டது. அப்புறம் பேரைக் கூப்பிட்டாங்க, பேரை மூணு விதமா தப்பாச் சொன்னாங்க. குளம்புச் சத்தம். டிரம் விழுந்தா தகரத்துல "டங்"குன்னு ஒரு சத்தம் வரும், தூரத்துலயே கேட்கும். அதுக்காகக் காதைத் தீட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். வரலை. ஒலிபெருக்கியில 18.94ன்னாங்க.

மூணாம் பிரிவுல நாலாவது இடம். 31 டாலர். என்ட்ரி 40.

குதிரையை நடத்திட்டு வந்து என்னைப் பார்த்ததும் முதல்ல கேட்டது: "அப்பா, வீடியோ எடுத்தீங்களா?"

சும்மா வந்தேன் | ஞாயிறு, இரவு 9.45

வீடியோ இல்லாம நாங்க எப்படி நம்பறது சார்?